தலைக்காயமும் கழுத்துத் தண்டுவடக் காயமும் ஒரே நோயாளிக்கு: எந்த இலக்கைப் பின்பற்றுவது?

இரவுப்பணி எழுதியது:

வணக்கம். நான் நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர். கடுமையான தலைக்காயத்துக்கு ஒரு நெறிமுறைத் தாளும் தண்டுவடக் காயத்துக்கு வேறொரு தாளும் எங்கள் பிரிவில் உள்ளன. தனித்தனியாகப் படித்தால் இரண்டும் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் சாலை விபத்திலோ உயரத்திலிருந்து விழுந்தோ வருகிறவர்களில் சிலருக்கு இரண்டு காயங்களும் சேர்ந்தே இருப்பதால், எந்தத் தாளைக் கையில் எடுப்பது என்ற குழப்பம் ஒவ்வொரு முறையும் எழுகிறது.

தலைக்காயத் தாளின்படி மூளைக்குள் இரத்தத்தைச் செலுத்தும் அழுத்தம், அதாவது சி.பி.பி., 60 முதல் 70 மி.மீ. பாதரசம் வரை இருக்க வேண்டும். தேவையில்லாமல் அதற்கு மேல் ஏற்றக் கூடாது. தண்டுவடத் தாளோ சராசரி தமனி அழுத்தத்தை 85 முதல் 90 வரை ஏழு நாள்களுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. முன்னது தலையை 30 டிகிரி உயர்த்தச் சொல்கிறது. பின்னது முதுகெலும்பு உறுதியாக்கப்படும் வரை நேராகப் படுக்க வைக்கச் சொல்கிறது. கழுத்துப் பட்டையை இறுக்கினால் மண்டையுள் அழுத்தம் ஏறுகிறது, தளர்த்தினால் கழுத்து அசைந்துவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது. இவற்றோடு, தண்டுவடக் காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பார்களே, ஏன் கொடுக்கவில்லை என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இரண்டு காயங்களும் ஒன்றாக இருக்கும்போது எதற்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மயக்கவியலாளர் எழுதியது:

நல்ல கேள்வி. இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றுவதற்கு முக்கியக் காரணம், இரண்டும் வெவ்வேறு அளவுகளைப் பற்றிப் பேசுவதுதான். சி.பி.பி. என்பது சராசரி தமனி அழுத்தத்திலிருந்து மண்டையுள் அழுத்தத்தைக் கழித்தால் கிடைக்கும் எண். தண்டுவடத் தாள் கழித்தலுக்கு முந்தைய எண்ணைச் சொல்கிறது. மண்டையுள் அழுத்தம் 18 ஆக இருக்கும் ஒருவருக்குச் சராசரி அழுத்தத்தை 85இல் வைத்தால் சி.பி.பி. 67 வரும், இரண்டு தாள்களும் நிறைவேறிவிடும். மண்டையுள் அழுத்தம் 10 என்றிருந்தால் சி.பி.பி. 75 ஆகும். அந்த இடத்தில்தான் உண்மையான தேர்வு வருகிறது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். உங்கள் தமனிக் குழாயின் டிரான்ஸ்டியூசர், அதாவது அழுத்தத்தை அளக்கும் உணரி, எந்த மட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது? பெரும்பாலான இடங்களில் அது இதயத்தின் மட்டத்தில் இருக்கும், மண்டையுள் அழுத்தத்தின் அளவீடோ காதின் மட்டத்தைச் சார்ந்திருக்கும். நோயாளி தட்டையாகப் படுத்திருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம் என்பதால் சிக்கல் இல்லை. தலைப்பகுதியை 30 டிகிரி உயர்த்தியவுடன் காது இதயத்தைவிடச் சுமார் 15 சென்டிமீட்டர் மேலே போய்விடுகிறது. அந்த உயர வேறுபாடு ஏறக்குறைய 11 மி.மீ. பாதரசத்துக்குச் சமம். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் திரை 67 என்று காட்டினாலும் மூளை பெறுவது 56 மட்டுமே. தலையை உயர்த்தியதால் மண்டையுள் அழுத்தம் இரண்டு மூன்று புள்ளிகள் இறங்கியதைப் பார்த்து நாம் மகிழ்ந்துகொண்டிருக்கும் நேரத்தில், மூளைக்குப் போகும் இரத்தத்தின் அழுத்தம் அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கும். இந்த மட்டத்தை எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரி வைப்பதில்லை. ஆகவே இலக்கை எழுதும் மருத்துவர், "சராசரி அழுத்தம் 85, இதய மட்டத்தில்" என்றோ "சி.பி.பி. 60, காது மட்டத்தில்" என்றோ மட்டத்தையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். பணி மாறும்போது இந்த ஒரு சொல் விடுபட்டுப் போவதால் நேரும் தீங்கு, மருந்தின் அளவு பிழைத்தால் நேரும் தீங்குக்குக் குறைந்ததல்ல.

இப்போது தேர்வுக்கு வருகிறேன். சராசரி அழுத்தம் 85 முதல் 90 என்ற இலக்கு 2013ஆம் ஆண்டின் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டியில் இடம்பெற்றது. அதற்கு அடிப்படையாக இருந்த ஆய்வுகள் சிறியவை, ஒப்பீட்டுக் குழு இல்லாதவை. பரிந்துரையும் வலுக் குறைந்த வகையாகவே தரப்பட்டிருந்தது. 2024இல் வெளியான, ஏ.ஓ. ஸ்பைன் என்ற பன்னாட்டு முதுகெலும்பு மருத்துவர் அமைப்பின் வழிகாட்டி கீழ் எல்லையை 75 முதல் 80 என்றும் மேல் எல்லையை 90 முதல் 95 என்றும் தளர்த்தி, காலத்தையும் மூன்று முதல் ஏழு நாள்கள் என்று வைத்தது. ஆகவே தண்டுவடத்தின் பக்கத்தில் நமக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. மறுபக்கம், சி.பி.பி.யை 70க்கு மேல் வலிந்து ஏற்றக் கூடாது என்று தலைக்காய வழிகாட்டி எச்சரிப்பது, அப்படி ஏற்றுவதற்காகக் கொட்டப்படும் திரவமும் இரத்தநாளச் சுருக்கி மருந்தும் நுரையீரலைப் பழுதாக்குகின்றன என்பதால்தான். அத்தகைய சுருக்கி மருந்தான நாரட்ரீனலின் சிறிதளவு ஓடும்போது, மண்டையுள் அழுத்தம் அமைதியாக இருக்கும் ஒருவருக்கு, சி.பி.பி. 75 என்று காட்டுவதற்காக நான் மருந்தைக் குறைக்க மாட்டேன். அதே 75க்காக லிட்டர் கணக்கில் திரவம் ஏற்ற வேண்டியிருந்தால் இலக்கைத்தான் குறைப்பேன்.

இரண்டு தாள்களுக்கும் பொதுவாக இருப்பது கீழ் எல்லை. அதை விட்டுக்கொடுக்கவே கூடாது. விபத்து நேர்ந்த கணத்தில் சிதைந்த நரம்புத் திசுவை நாம் யாரும் மீட்டுத் தருவதில்லை. அதைச் சுற்றிக் காயம்பட்டும் உயிரோடிருக்கும் திசு, அடுத்த சில நாள்களில் இரத்தமும் ஆக்சிஜனும் போதாமல் இறந்துவிடாதபடி காப்பதே நமது வேலை. இரத்த அழுத்தத்தின் மேல் எண் (சிஸ்டோலிக்) 90க்குக் கீழே ஒரேயொரு முறை இறங்கினாலும் கடுமையான தலைக்காயத்தில் இறப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்பது 1990களிலிருந்தே தெரிந்த செய்தி. அதனால்தான் 2016 வழிகாட்டி அந்தப் பழைய 90ஐக் கைவிட்டு, 15 முதல் 49 வயது வரையிலானவர்களுக்கும் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் 110, இடைப்பட்ட வயதினருக்கு 100 என்று எல்லையை உயர்த்தியது.

இன்னொரு எச்சரிக்கை. கழுத்துத் தண்டுவடம் அறுபட்டவருக்கு இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சேர்ந்து இறங்கினால், உடனே அதை நரம்புசார் அதிர்ச்சி, அதாவது தண்டுவடக் காயத்தால் மட்டுமே வந்த இறக்கம், என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதயத்தை வேகப்படுத்தி இரத்தக்குழாய்களை இறுக்கும் பரிவு நரம்புகள் துண்டிக்கப்பட்ட உடலில் இரத்தப்போக்கு இருந்தாலும் இதயம் வேகமெடுக்காது. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தாலும் வலி தெரியாது, வயிறு இறுகவும் செய்யாது. மார்பு, வயிறு, இடுப்பு மூன்றிலும் இரத்தப்போக்கு இல்லை என்று ஸ்கேன் மூலம் உறுதிசெய்த பிறகே அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது, நாடி ஏற்கெனவே மெதுவாக இருப்பவருக்கு ஃபினைலெஃப்ரின் என்ற மற்றொரு சுருக்கி மருந்து அதை மேலும் மெதுவாக்கும் என்பதால் நாரட்ரீனலினே பொருத்தம். திரவமாகச் சாதாரண சலைன் போதும். ஆல்புமினைத் தவிர்ப்பது நல்லது. 2007இல் வெளியான சேஃப் ஆய்வின் தலைக்காயப் பிரிவில் ஆல்புமின் பெற்றவர்களிடையே இறப்பு 33.2 விழுக்காடாகவும் சலைன் பெற்றவர்களிடையே 20.4 விழுக்காடாகவும் இருந்தது. குளுக்கோஸ் மட்டும் கலந்த நீர்த்த திரவங்கள் மூளை வீக்கத்தைக் கூட்டும் என்பதால் அவையும் வேண்டாம்.

படுக்கையைப் பற்றி: இடுப்பில் மடக்கித் தலையை உயர்த்துவதற்குப் பதிலாக, கட்டில் முழுவதையும் நேராக வைத்தபடியே தலைப்பக்கம் உயரும்படி சாய்த்துவிடுங்கள். முதுகெலும்பு நேர்கோட்டில் இருக்கும், தலையும் உயரும். சாய்த்த பிறகு அழுத்தத்தை மீண்டும் பாருங்கள். பரிவு நரம்பின் பிடி இல்லாத உடலில் இரத்தம் கால்களுக்கு இறங்கிவிடும். 30 டிகிரியில் அழுத்தம் நிற்கவில்லை என்றால் 15 டிகிரியில் நிறுத்துவதில் குற்றம் ஒன்றும் இல்லை.

நுண்கத்தி எழுதியது:

மருத்துவர் மயக்கவியலாளர் சொன்னதோடு உடன்படுகிறேன். நரம்பு அறுவை மருத்துவர் என்ற முறையில் ஸ்டீராய்டு பற்றியும் கழுத்துப் பட்டை பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

உறவினர்கள் கேட்பது காரணமில்லாமல் அல்ல. 1990இல் வெளியான நாசிஸ் 2 ஆய்வுக்குப் பிறகு, காயம்பட்ட எட்டு மணி நேரத்துக்குள் உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் அடுத்த 23 மணி நேரத்துக்கு மணிக்குக் கிலோவுக்கு 5.4 மில்லிகிராமும் கொடுப்பது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. அந்த ஆய்வில் மொத்த நோயாளிகளையும் எடுத்துக்கொண்டால் பயன் தெரியவில்லை. எட்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களைப் பின்னர் தனியே பிரித்துப் பார்த்தபோதுதான் சிறு முன்னேற்றம் தெரிந்தது. கிருமித்தொற்றும் இரைப்பை இரத்தப்போக்கும் கூடுவதால் 2013 அமெரிக்க வழிகாட்டி அதைக் கொடுக்க வேண்டாம் என்றது, 2017 ஏ.ஓ. ஸ்பைன் வழிகாட்டி, எட்டு மணி நேரத்துக்குள் வந்தால் ஒரு தெரிவாக எண்ணலாம் என்றது. தண்டுவடம் மட்டும் காயம்பட்டிருந்தால் மருத்துவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. தலைக்காயமும் சேர்ந்திருந்தால் அந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை. 10,008 பேரைச் சேர்த்து நடத்திய கிராஷ் ஆய்வு 2004இல் வெளியானபோது, ஸ்டீராய்டு பெற்ற தலைக்காய நோயாளிகளில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 விழுக்காடு, பெறாதவர்களில் 17.9 விழுக்காடு. எனவே உறவினர்களிடம் தயங்காமல் சொல்லலாம்: இந்த மருந்து தண்டுவடத்துக்குத் தரக்கூடிய பயன் ஐயத்துக்குரியது, தலைக்காயத்துக்குச் செய்யும் தீங்கு உறுதியானது.

கழுத்துப் பட்டை விபத்து நடந்த இடத்திலிருந்து ஸ்கேன் அறை வரைக்குமான பொருள் என்றே நான் கருதுகிறேன். அது கழுத்து இரத்தக்குழாய்களை, அதாவது ஜுகுலர் சிரைகளை, அழுத்துவதால் தலையிலிருந்து இரத்தம் வடிவது தடைப்படுகிறது. நாள்கணக்கில் கிடந்தால் மோவாயிலும் பின்தலையிலும் புண் வைக்கிறது. நினைவற்ற நோயாளிக்கு மெல்லிய வெட்டுகளாக எடுத்த தரமான சி.டி. ஸ்கேனில் கழுத்தெலும்புகள் சரியாக இருந்தால் பட்டையைக் கழற்றிவிடுவதே முறை. காயம் உறுதியாகியிருந்தால், அறுவை சிகிச்சை வரை பட்டையைத் தளர்த்தி, தலையின் இருபுறமும் அணைப்புக் கட்டைகள் வைத்துத் தலையை நேராக நிறுத்தலாம். இதை மருத்துவரின் எழுத்துமூல உத்தரவில்லாமல் செய்யாதீர்கள்.

நிலையற்ற கழுத்தெலும்பை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்து அழுத்தத்தை விடுவிக்க வேண்டும் என்பதே இன்றைய போக்கு. 2012இல் வெளியான ஸ்டாஸ்சிஸ் ஆய்வு அதற்கு வலுச் சேர்த்தது. ஆனால் குப்புறப் படுக்க வைத்துச் செய்யும் அறுவையில் மண்டையுள் அழுத்தம் ஏறும். மண்டையுள் அழுத்தம் 22க்கு மேல் ஆடிக்கொண்டிருக்கும் நோயாளியைக் குப்புறத் திருப்ப நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்கழுத்து வழியாக, மல்லாந்த நிலையிலேயே செய்ய முடியுமா என்று பார்ப்பேன். முடியாது என்றால் மூளை அமைதியாகும் வரை காத்திருப்பேன். உங்கள் கேள்வியில் "எதற்கு முதலிடம்" என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் விடை வெளிப்படையானது: மூளைக்கே.

மூச்சுப்பயிற்சி எழுதியது:

நான் சுவாச இயன்முறை சிகிச்சையாளர். மேலே இருவரும் இரத்த அழுத்தத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். படுக்கையருகே நாள் முழுவதும் நாங்களும் செவிலியர்களும் போராடுவது சளியோடுதான்.

உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் கூறுகளிலிருந்து புறப்படுகிறது. ஐந்தாம் கூறுக்குக் கீழே காயம்பட்டவர் முதல் நாள் தானாகவே மூச்சு விடுவார். விலாவிடைத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் செயலற்றிருப்பதால் இருமல் மட்டும் வராது. வீக்கம் ஏறும் அடுத்த சில நாள்களில் மூச்சும் தளர்ந்துவிடும். தலைக்காயம் இல்லாதவரிடம் இந்தத் தளர்ச்சியைக் கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டிருக்க முடியும். தலைக்காயம் உள்ளவரிடம் முடியாது. ஏனென்றால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூளையின் இரத்தக்குழாய்கள் விரிந்து மண்டையுள் அழுத்தம் ஏறும். ஆகவே இவர்களுக்குச் செயற்கை சுவாசத்தை முன்கூட்டியே தொடங்கி, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தை 35க்கும் 40க்கும் இடையில் வைக்கிறோம். கண்பாவை விரிந்து மூளை கீழ்நோக்கிப் பிதுங்கும் அறிகுறி தெரியும்போது, மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டாலோ அடர் சலைனோ வேலை செய்யும் வரைக்கும் மட்டுமே வேகமாகக் காற்றூட்டி அதைக் குறைக்கலாம். வழக்கமாகவே குறைத்து வைத்தால் குழாய்கள் சுருங்கி மூளை பட்டினி கிடக்கும்.

சளி உறிஞ்சும்போது இரண்டு ஆபத்துகள் எதிரெதிர்த் திசையில் வருகின்றன. தலைக்காயத்தால் மண்டையுள் அழுத்தம் எகிறும். தண்டுவடக் காயத்தால், இதயத்தை மெதுவாக்கும், எதிர்ப்பில்லாமல் போன வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத்துடிப்பு சட்டென்று இறங்கும். சில வேளைகளில் நின்றும்விடும். எனவே முன்னதாக நூறு விழுக்காடு ஆக்சிஜன் கொடுத்து, மயக்க மருந்தின் அளவைத் தேவையானால் கூட்டி, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து வினாடிகளுக்குள் முடித்துவிடுங்கள். இதயத்துடிப்பை ஏற்றும் அட்ரோபின், மருந்து அலமாரியில் இருந்தால் போதாது, சிரிஞ்சில் ஏற்றிக் கட்டிலருகே இருக்க வேண்டும்.

செயற்கை சுவாசத்தைக் குறைக்கும் கட்டத்தில் ஒரு விந்தையைப் பார்ப்பீர்கள். பொதுவாக உட்கார வைத்தால் எல்லாருக்கும் மூச்சு எளிதாகும். கழுத்துத் தண்டுவடம் செயலிழந்தவருக்கு அப்படியல்ல; வயிற்றுத் தசைகளின் பிடி இல்லாததால் நிமிர்ந்தவுடன் குடல் முன்னே சரிந்து உதரவிதானம் தட்டையாகிவிடும். தட்டையாகப் படுத்திருக்கும்போதுதான் அவர் ஆழமாக மூச்செடுப்பார். மண்டையுள் அழுத்தம் பல நாள்களாக அமைதியாக இருந்தால், முதல் முயற்சிகளைப் படுத்த நிலையிலேயே செய்து, பிறகு வயிற்றுப் பட்டை கட்டி மெல்ல நிமிர்த்துங்கள்.

இரவுப்பணி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. எங்கள் பிரிவில் டிரான்ஸ்டியூசர் இதய மட்டத்தில்தான் இருக்கிறது; உத்தரவுத் தாளில் மட்டம் எழுதப்படுவதில்லை. இதை எங்கள் பொறுப்பு மருத்துவரிடம் எடுத்துச் செல்கிறேன்.

மேலும் ஒன்று கேட்க விரும்புகிறேன். கை கால் அசைக்க முடியாதவருக்கு மணிக்கு ஒருமுறை, நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண்ணை எப்படிக் கொடுப்பது? நகத்தை அழுத்தினால் அசைவில்லை. இயக்கத்துக்கு 1 என்று எழுதினால் மொத்தம் மிகவும் குறைந்துவிடுகிறது. அது மூளையின் நிலையா, தண்டுவடத்தின் நிலையா என்று எனக்கு விளங்குவதில்லை.

நுண்கத்தி எழுதியது:

நீங்கள் ஐயப்பட்டது சரி. 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜெனெட்டும் அந்த அளவுகோலை வகுத்தபோது அவர்கள் மனத்தில் இருந்தது மூளை. கை கால்களுக்குச் செய்தியைக் கொண்டுபோகும் பாதை சரியாக இருக்கும் என்பது அதன் முன்நிபந்தனை. கழுத்துக்குக் கீழே உணர்ச்சியே இல்லாதவரின் நகத்தை அழுத்துவதில் பொருளில்லை. புருவ எலும்பின் உள்முனையில் அழுத்துங்கள். அந்த உணர்ச்சி முக்கிளை நரம்பு (டிரைஜெமினல்) வழியாகத் தண்டுவடத்தைத் தொடாமலே மூளைக்குப் போகிறது. முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். கட்டளையைச் சோதிக்க, "கையைத் தூக்குங்கள்" என்பதற்குப் பதிலாக "கண்ணை இறுக்கி மூடுங்கள்", "நாக்கை நீட்டுங்கள்", "மேலே பாருங்கள்" என்று சொல்லுங்கள். இவற்றில் ஒன்றைச் செய்தாலும் அவர் கட்டளைக்குப் பணிகிறார். இயக்கத்துக்கு முழு மதிப்பெண்ணான 6. தோளைக் குலுக்கும் ஆற்றல் மிஞ்சியிருந்தால் அதையும் பயன்படுத்தலாம்.

இந்த மதிப்பெண்ணை ஒரே எண்ணாகக் கூட்டி எழுதாமல் கண், பேச்சு, இயக்கம் என்று மூன்றாகப் பிரித்து எழுதி, பக்கத்திலேயே "கழுத்துத் தண்டுவடக் காயம், முகத்தில் சோதிக்கப்பட்டது" என்று குறியுங்கள். சுவாசக் குழாய் இருப்பதால் பேச்சை மதிப்பிட முடியாது. அதையும் எண்ணாக்காமல் எழுத்தால் குறியுங்கள். தண்டுவடத்தின் நிலையைத் தனியாக, தசை வலுவையும் உணர்ச்சியையும் அளக்கும் ஏசியா அளவுகோலில் பதிவுசெய்கிறோம். நினைவு தெளியாதவரிடம் அந்தச் சோதனையை முழுமையாகச் செய்ய இயலாது என்பதால், "முழுமையான முடக்கம்" என்று முதல் மூன்று நாள்களுக்குள் உறவினர்களிடம் யாரும் சொல்லாமலிருப்பது நல்லது.

மயக்கவியலாளர் எழுதியது:

நுண்கத்தி சொன்னதோடு கண்பாவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்டுவடக் காயம் வெளிச்சத்துக்குப் பாவை சுருங்குவதைக் கெடுப்பதில்லை, ஆழ்ந்த மயக்க மருந்திலும் அது மிஞ்சியிருக்கும். மண்டையுள் அழுத்தம் உயர்ந்திருக்கும்போது சோதனைக்காக மயக்க மருந்தை நிறுத்தத் தேவையில்லை.

பின்னாளில் வரும் ஒரு குழப்பத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த இரட்டைக் காயத்தில் மட்டுமே அது இவ்வளவு ஏமாற்றக்கூடியது. மார்புத் தண்டுவடத்தின் ஆறாம் கூறிலோ அதற்கு மேலோ காயம்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் சில வாரங்கள் கழித்து, இரத்த அழுத்தம் திடீரென்று ஏறி, நாடி மெதுவாகி, முகம் சிவந்து வியர்த்து, கடுமையான தலைவலி வரும். தன்னியக்க நரம்புகளின் மிகைத்துலங்கல் அது. தலைக்காயம் உள்ளவரிடம் இதைப் பார்த்தால், மண்டையுள் அழுத்தம் எகிறி மூளை நசுங்கும்போது தோன்றும் குஷிங் அறிகுறிகள் என்று எண்ணி மானிட்டால் தொடங்கி ஸ்கேனுக்கு ஓடிவிடுவோம். மானிட்டால் சிறுநீரைப் பெருக்கும். உண்மையான காரணம் மடங்கிப்போன சிறுநீர்க் குழாயாக இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே கண்பாவைகளையும் நினைவு நிலையையும் பாருங்கள். அவை மாறாமல் இருந்தால் அதே நிமிடத்தில் சிறுநீர்க் குழாயில் மடிப்போ அடைப்போ உள்ளதா, சிறுநீர்ப்பை உப்பியிருக்கிறதா, மலக்குடல் நிறைந்திருக்கிறதா, உடலுக்கடியில் ஏதாவது அழுத்துகிறதா என்று வரிசையாகத் தேடுங்கள். இறுக்கமான துணிகளையும் பட்டைகளையும் தளர்த்துங்கள். முதுகெலும்பு ஏற்கெனவே உறுதியாக்கப்பட்டிருந்தால் தலைப்பகுதியை உயர்த்தி உட்கார வையுங்கள். அழுத்தம் உடனே இறங்கத் தொடங்கும். இறங்கவில்லை என்றாலோ, பாவைகளில் ஒன்று விரிந்திருந்தாலோ, அதுதான் ஸ்கேனுக்குப் போக வேண்டிய நேரம்.